மழை பார்க்காத காசு

மகனே,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. உன் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி சாமி படத்துக்கு முன்னால் வைத்தாயிற்று. உன் நைனா ஒரு கட்டுப் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு குப்பத்தில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறார். எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள், எனக்கு மட்டும் உன்மேல் ஆத்திரம். போனில் சொன்னால் பாதியிலேயே, கஸ்டமர் வந்திருக்கிறார், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணும் இதைப் படிக்கட்டும், அவளிடம் மறைக்க இதில் ஒன்றுமில்லை. பெயர்கள் எதுவும் இல்லாததால் இதன் ஒரு படியை நம் நாணயச் சங்கத்தின் மாத இதழுக்கும் அனுப்பப் போகிறேன். நீ செய்ததைச் செய்கிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் கொஞ்சம் சுடட்டும்.

கார்த்திகை மாதக் கடைசியில் ஒரு நாள், அங்கன்வாடிப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தால், வாசலில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கையில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. அரக்கோணத்தில் தள்ளுவண்டி போட்டுத் துணி இஸ்திரி போடுகிறவராம். காலையில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் மாறி, பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பழவேற்காட்டுக்கு பஸ் பிடித்து, கேட்டுக் கேட்டு நம் வீட்டுக்கு வந்திருக்கிறார். உள்ளே வாருங்கள் என்றேன், வரவில்லை. ஒரு கைக்குட்டையை விரல்களில் சுற்றிக்கொண்டு டப்பாவைத் திறந்தார். உள்ளே பஞ்சு, பஞ்சுக்குள் என் எழுத்து உள்ள காகித உறை, உறைக்குள் நீ அவருக்கு விற்ற சோழர் காலத்துச் செம்புக் காசு. அதன் மேல் வெளிர்ப்பச்சையாக மாவு பூத்திருந்தது.

"மன்னிச்சிருங்கம்மா, உங்க காசை நான் கெட்த்துட்டேன்" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்க வந்தவர் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. நீ காசு விற்கிற வீடியோவில் என்னைப் பற்றிச் சொன்னதைக் கேட்டாராம், உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்தாராம், இதைக் காப்பாற்றி வைத்திருந்தவரிடம் நேரில் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க மனசு கேட்கவில்லையாம். அதற்காக ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார். பச்சை பூத்ததைப் பார்த்ததும் உனக்குப் போன் செய்திருக்கிறார். நீ என்ன சொன்னாய் என்பதை ஒரு எழுத்து மாறாமல் எனக்குச் சொன்னார், மனப்பாடமே ஆகிவிட்டது போலிருக்கிறது. "இஸ்திரி பொட்டி புடிக்கிற கை, எந்நேரமும் வேர்வைதான். அந்தக் கையால தொட்டா இன்னா ஆவும்? ஆயிரம் வருஷம் தாங்கின காசு உங்ககிட்ட மூணு மாசம் தாங்கல பாருங்க."

இதைச் சொல்ல உனக்கு எப்படியடா வாய் வந்தது? அந்தக் காசு ஏன் பச்சை பூத்தது என்று உனக்குத் தெரியாதா? தெரியாமல் சொல்லியிருந்தால் தலையில் அடித்துக்கொண்டு விட்டிருப்பேன். இந்த வீட்டில் பிறந்து, என் லென்ஸை வைத்து விளையாடி வளர்ந்தவன் நீ. தமிழ்நாட்டில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் உனக்குத் தெரியும்.

உனக்கு மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். போன வைகாசியில் நைனாவுக்குப் பாடு, அதாவது ஏரியில் வலை கட்ட நம் வீட்டின் முறை. முகத்துவாரத்துக்கு உள்பக்கம் படகு மணலில் தட்டி, இறங்கித் தள்ளும்போது காலில் ஏதோ குத்தியது என்று சிப்பிக் கட்டி ஒன்றை எடுத்து வந்தார். உடைத்துப் பார்த்தால் காசு. "இன்னாமே, இது ஒனக்கு ஆவுமா?" என்று என் மடியில் போட்டார். ஒரு பக்கம் பூ பிடித்து நிற்கிற உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், அதன் கைக்குப் பக்கத்தில் அரசன் பெயர். இந்தக் காசுகளில் தகடு சின்னது, அச்சு பெரியது. அதனால் பெயரில் பாதி எழுத்து தகட்டுக்கு வெளியே போய்விடும். இதில் எல்லா எழுத்தும் உள்ளே விழுந்திருந்தது. நான் வைத்திருக்கும் அறுபது எழுபது சோழர் காசில் இப்படி ஒன்றுகூட இல்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஏரிக்காசு வயல்காசு மாதிரி அல்ல. காட்டூர்ப் பக்கம் ஏர் ஓட்டும்போது கிடைக்கிற காசைக் கழுவித் துடைத்து மறுநாளே தரம் எழுதலாம். நம் ஏரியில் கிடந்த செம்பு உப்பைக் குடித்திருக்கும். அந்த உப்பு வெளியே தெரியாது. வெயில் காலமெல்லாம் காசு சமர்த்தாக இருக்கும். ஐப்பசி பிறந்து காற்றில் ஈரம் ஏறினதும் உள்ளே இருக்கிற உப்பு விழித்துக்கொண்டு செம்பைத் தின்ன ஆரம்பிக்கும், பச்சை மாவாக உதிரும். பழைய காசில் கெட்டியாகப் படிந்திருக்கிற களிம்பு வேறு, அது காசுக்கு அழகு, காவல். இந்த மாவு நோய். அதனால்தான் பஸ் ஸ்டாண்டு மெக்கானிக் கடையில் உப்பே இல்லாத பேட்டரி தண்ணீர் வாங்கிவந்து, வாரம் ஒருமுறை மாற்றி மாற்றி ஊறப்போடுகிறேன். இருபது வருஷமாக அந்த மெக்கானிக், இன்னா வண்டி வச்சிருக்கக்கா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். ஊறவைத்து, காயவைத்து, மூடாமல் தட்டில் பரப்பி, ஒரு முழு மழைக்காலம் பார்த்த பிறகுதான் தரம். அதுவரை உறையில் பென்சிலால் 'மழை பார்க்கவில்லை' என்று எழுதி வைப்பேன். இந்த இரண்டு வார்த்தையை நீ எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியதே என் உறைகளில்தான்.

இந்த வழக்கம் எனக்கு வானத்திலிருந்து வந்ததல்ல. சங்கத்தில் சேர்ந்த புதிதில் ஏரிக்காசு ஆறை லென்ஸில் பார்த்து, எல்லாம் வெரி ஃபைன் என்று பெருமையாக எழுதி ஒரு தபால்காரருக்குக் கொடுத்தேன். மழை வந்தது, ஆறில் நாலு பூத்துப்போயிற்று. அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நானாகப் போய், ஐயா, எனக்குத் தெரியவில்லை, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டு வந்தேன். போகிற வழியெல்லாம் வெட்கம் பிடுங்கித் தின்றது. சொல்லி முடித்ததும் பாரம் இறங்கிவிட்டது. தெரியாமல் செய்தவளுக்கே அவ்வளவு வெட்கம் இருந்தது.

நீ ஆடியில் வந்தாய். கல்யாணத்துக்குள் என் வீடியோ சேனல் பிரபலமாக வேண்டும், வீடியோவில் காட்ட நல்ல காசாக நாலு கொடு என்றாய். இதையும் எடுத்தாய். இது இன்னும் மழை பார்க்கவில்லை, காட்டிவிட்டுக் கொண்டுவந்துவிடு என்று படித்துப் படித்துச் சொன்னேன். நீ சிரித்தாய். "மழைலாம் பாத்துனு இருந்தா யாவாரம் ஆவாதும்மா" என்றாய். விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று நானும் சிரித்தேன். என் புத்தியை என்ன சொல்வது.

அவர் நீட்டிய உறையை வாங்கிப் பார்த்தேன். வெரி ஃபைன், எழுத்து முழுமை, என்று என் எழுத்து அப்படியே இருந்தது. கீழே 'மழை பார்க்கவில்லை' மட்டும் இல்லை. ஒரு நிமிடம் நான்தான் எழுத மறந்துவிட்டேனோ என்று என்மேலேயே சந்தேகம் வந்தது. தேய்ந்த எழுத்தை எப்படிப் பார்ப்போம்? வெளிச்சத்தை நேராக விடாமல் பக்கவாட்டில் விட்டுப் பார்ப்போம். உறையைக் கதவோரம் சாய்த்துப் பிடித்தேன். பென்சில் அழுத்திய பள்ளம் வரிவரியாகத் தெரிந்தது. ரப்பர் வைத்து அழித்திருக்கிறாய், அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. காசை மூக்கருகே கொண்டுபோனேன், ஷூ பாலிஷ் வாசனை. எழுத்து எடுப்பாகத் தெரியக் கறுப்பு பாலிஷ் போட்டுத் தேய்த்திருக்கிறாய். உள்ளே இருந்த உப்புக்கு மேலே மூடி போட்டிருக்கிறாய். அந்த மனிதருடைய கை அந்தச் செம்பைத் தொட்டதே இல்லையடா, உன் பாலிஷைத்தான் தொட்டிருக்கிறது.

இனிமேல் சொல்லப்போவது என் தப்பு. உன்னைத் திட்டுகிற வேகத்தில் அதை விட்டுவிட்டுப் போனால் நானும் அழிரப்பர் வைத்திருக்கிறேன் என்று ஆகிவிடும். எல்லாம் தெரிந்த பிறகும் நான் அவரிடம் வாயைத் திறக்கவில்லை. இவர் சங்கத்தில் சொன்னால் உன் பெயர் என்ன ஆகும், பெண் வீட்டார் காதுக்குப் போனால் கல்யாணம் என்ன ஆகும் என்று தலைக்குள் ஓடியது. வற்புறுத்தி உட்காரவைத்து, சோறு போட்டு, இறால் தொக்கு வைத்தேன். காசு இங்கேயே இருக்கட்டும், சரி பண்ணிப் பார்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். கிளம்பும்போது அவர், "என் கையே இப்டித்தாம்மா, எனக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்றார். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. டம்ளரைக் கொடுக்கும் முன்னால்கூடக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுத்தான் கொடுத்தார். அதையும் பார்த்துக்கொண்டு டம்ளரை வாங்கிக்கொண்டேன்.

இன்னொன்றும் உண்டு, அது உனக்கு நினைவிருக்குமோ என்னவோ. நீ ஆறாம் வகுப்பில் இருந்தபோது முகத்துவாரத்துப் பக்கம் டச்சுக்காரன் செம்புக் காசு ஒன்றை எடுத்து வந்தாய். எனக்குக் காட்டுமுன் புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்திருந்தாய், புதுச் சொம்பு மாதிரி மின்னியது. பல நூறு வருஷத் தோலை உரித்துவிட்டாய். தரமே எழுத முடியாத காசு அது. அந்த வாரம்தான் கணக்கில் ஃபெயிலாகி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தாய். பிள்ளை சந்தோஷப்படட்டுமே என்று, உறையில் 'முதல் தரம்' என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் அந்த உறையைக் காட்டி, உன் சேக்காளியிடம் காசைக் கொடுத்து, கிரிக்கெட் பேட்டை வாங்கி வந்தாய். "உன் கையெழுத்து இருந்தா எவனும் காசைப் பாக்கறதே இல்லம்மா" என்றாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? கெட்டிக்காரன் என்று நைனாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அன்றைக்கே அந்த பேட்டைப் பிடுங்கித் திருப்பிக் கொடுத்து வரச் சொல்லியிருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது.

தரம் என்றால் என்ன என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்? உன் வீடியோவில் 'அம்மாவே கிரேடு பண்ணினது' என்று நீ கத்துவதைக் கேட்டேன். தரம் விலைச் சீட்டு அல்ல. காசைக் கையில் எடுக்காத ஒருத்தருக்கு, எடுத்துப் பார்த்தவர் கொடுக்கிற சாட்சி. இங்கே முழங்கால் தேய்ந்தது புழக்கத்தால், இங்கே முகம் இல்லாதது அச்சு சரியாக விழாததால், இந்த விளிம்பு அடிபட்டது பிற்பாடு, இவ்வளவுதான் எனக்குத் தெரியும், இதற்கு மேல் எனக்குத் தெரியாது என்று சொல்வது. நான் பென்சிலில் எழுதுவது நாளைக்கு நான் பார்த்தது தப்பென்று தெரிந்தால் குறைத்து எழுத. இருபத்தைந்து வருஷத்தில் நான் அழித்துக் கூட்டி எழுதியது இரண்டு மூன்று இருக்கும், குறைத்து எழுதியது எண்ணிக்கையில் அடங்காது. நீ அதே பென்சிலைப் பார்த்து, அழிக்கச் சுலபம் என்று மட்டும் கற்றுக்கொண்டாய்.

போன ஞாயிற்றுக்கிழமை நைனாவை இழுத்துக்கொண்டு அரக்கோணம் போனேன். பத்திரிகை வைக்கப் போகிறோம் என்று உன்னிடம் சொன்னோமே, அது இங்கேதான். தெருமுனையில் வண்டி, வண்டிக்குப் பின்னால் அவர். ஞாயிற்றுக்கிழமை ஆனாலும் மறுநாளைக்கு வேண்டிய சட்டைகள் குவிந்து கிடந்தன. எங்களைப் பார்த்ததும் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப்போனார். ஒற்றை அறை. அவர் மனைவி ஆல்பத்தை எடுத்துவந்து காட்டினார். பன்னிரண்டு வருஷமாகச் சேர்த்தது, எல்லாம் சின்னச் சின்னக் காசு, ஒவ்வொன்றுக்கும் அவரே கத்தரித்து ஒட்டிய அட்டை, அட்டையில் குண்டு குண்டாக எழுத்து. அவர் கதவோரமாகவே நின்றார். நீங்கள் பக்கத்தில் வந்து காட்டுங்களேன் என்றேன். "நான் இப்ப தொடறதில்லம்மா. அவ பிரிப்பா, நான் தள்ளி நின்னு பாத்துப்பேன்" என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உப்பைப் பற்றி, மழையைப் பற்றி, பாலிஷ், அழித்த வரி, செய்தது நீதான் என்பது, அன்றைக்கு நான் ஏன் பேசாமல் இருந்தேன் என்பது வரைக்கும். உறையைச் சாய்த்துப் பிடித்துப் பள்ளத்தைக்கூடக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். மனைவி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். கடைசியில் அவர் சிரித்தார். கோபமாகச் சிரித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"நீங்க பெரிய மனசு பண்ணி எனக்காகச் சொல்றீங்க. அப்டி இருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பீங்களேம்மா. பெத்த புள்ள மேலயே பழிய போட்டுக்கிறீங்க, வேணாம்மா" என்றார்.

நான் மறுபடியும் சொன்னேன். நைனாவும் சொன்னார். எவ்வளவு சொன்னாலும், எங்களுக்கு ஆறுதல் சொல்வது போல அவர்தான் தலையாட்டிக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வருஷம் என் வார்த்தையை நம்பி எத்தனையோ பேர் காசு வைத்திருக்கிறார்கள். ஒரு மனிதரிடம் நான் நூறு சதவீதம் உண்மை பேசினேன், அது அவரிடம் செல்லவில்லை. ரயிலில் வரும்போது நைனா, "இன்னாமே, அன்னிக்கு இறால் தொக்குக்குப் பதிலா இத்தப் பேசியிருக்கலாம்ல" என்றார். அவர் என்னைக் குத்திப் பேசுகிற மனிதர் இல்லை, உனக்கே தெரியும்.

ஆகவே இதை இனி நான் சரி செய்ய முடியாது. சொன்ன வாய்தான் அதைத் திரும்ப எடுக்க முடியும், அது உன் வாய். பணத்தைக் கூரியரில் அனுப்பிவிட்டேன் என்று தப்பிக்கப் பார்க்காதே, பணத்தைக் கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் அவர் தொலைத்தது அது இல்லை. வேறு நல்ல காசு ஒன்றைத் தருகிறேன் என்றும் பேசாதே, அதை அவர் தொடமாட்டார். நேரில் போ. போனில் சொன்ன அதே வார்த்தைகளைச் சொல்லி, இது பொய், நான் தெரிந்தே சொன்ன பொய் என்று சொல். நம்புகிற வரைக்கும் சொல். அவர் மனைவியும் இருக்கும்போது சொல். ஆல்பத்தை அவர் கையால் எடுத்துப் பிரித்துக் காட்டுகிற வரைக்கும் அந்த ஒற்றை அறையை விட்டு வெளியே வராதே. வேலை இருக்கிறது, மண்டபத்துக்காரனைப் பார்க்க வேண்டும், துணி எடுக்க வேண்டும் என்று சாக்குச் சொல்லாதே. அவர் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, செய்யாத தப்புக்கு இவ்வளவு தூரம் மன்னிப்புக் கேட்க வந்தார்.

காசு மறுபடியும் பேட்டரி தண்ணீரில் கிடக்கிறது. அரசன் பெயரில் இரண்டு எழுத்தை உப்பு தின்றுவிட்டது. மீதி பிழைக்கலாம், அடுத்த மழை பார்த்தால்தான் தெரியும். உறையில் பழைய தரத்தை அழித்துவிட்டேன். அந்த டச்சுக்காசையும் உன் சேக்காளியைத் தேடிப்போய்க் கேட்டு வாங்கிவந்தேன், இத்தனை வருஷமும் என் உறையோடு பத்திரமாக வைத்திருந்தான், பாவம். அதில் 'முதல் தரம்' என்பதை அடித்துவிட்டு, தேய்த்துக் கெடுக்கப்பட்டது என்று பேனாவால் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். நான் செய்ய வேண்டியதில் என்னால் முடிந்தது இவ்வளவு.

அரக்கோணத்தில் கிளம்பும்போது நைனா அவருக்குப் பத்திரிகை வைத்தார். இரண்டு கையையும் சட்டையில் அழுத்தித் துடைத்துவிட்டு, ஓரத்தில் மட்டும் பிடித்து வாங்கிக்கொண்டார். கண்டிப்பாக வருகிறேன், தம்பிக்குக் கை கொடுத்து வாழ்த்திவிட்டுப் போகிறேன் என்றார். வந்துவிடுவார், சொன்னால் வருகிற மனிதர். தை மாதம் அந்த மண்டபத்தில் உனக்குப் பக்கத்தில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நான் நிற்பேன். வரிசையில் அவர் முறை வரும். உன்னிடம் கையை நீட்டுவதற்கு முன்னால் அவர் அதைச் சட்டையில் துடைத்தார் என்றால், நான் மேடையை விட்டு இறங்கிப் பழவேற்காட்டு பஸ்ஸைப் பிடித்துவிடுவேன்.

அம்மா